மாத்திரையா, ஊசியா? ஸ்ரீபெரும்புதூருக்கு மூன்றாவது பயணம்

2005 ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. அக்கா வீட்டுக்காரரை மூன்றாவது முறையாக ஸ்ரீபெரும்புதூர் அக்குபங்சர் டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். மாமாவுக்கு வயது நாற்பத்தாறு, கார் உதிரிபாகக் கம்பெனியில் லைன் வேலை. ஐந்து மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. போன தடவை ஊசி போட்டபின் ஆள்காட்டி விரல் லேசாக அசைந்தது. ஊசி மூளையைத் தூண்டிவிடலாம், ஆனால் உறுதி சொல்ல மாட்டேன் என்று டாக்டரம்மா அப்போதே சொல்லியிருந்தார்.

தாம்பரத்தில் காலை 6.20க்குப் பஸ். சேரப்பணஞ்சேரிக்கு ஒரு மணி நேரம், ஏழு ரூபாய். அங்கே மாமாவை ஏற்றிக்கொண்டு ஒரகடம் வழியாக ஆட்டோ, நூற்றைம்பது ரூபாய். ஷிப்ட் மாறும் நேரம் என்பதால் கம்பெனி பஸ்களுக்குப் பின்னால் ஊர்ந்தோம். மாமா ஆட்டோக்காரரிடம்கூட விரலை ஆட்டிக் காட்டினார், எனக்குப் பெருமை தாங்கவில்லை.

8.40க்கு டாக்டரம்மா பிரஷர் பார்த்தார். 210க்கு 120. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிரஷர் மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று கேட்டதற்கு நான் முந்திக்கொண்டு ஆமாம் என்றேன். மாமா தலையைக் குனிந்தபடி உண்மையைச் சொன்னார். அக்கா கொடுத்த மாத்திரையை வாயில் அடக்கி, பின்பக்கம் போய்த் துப்பியிருக்கிறார். பதினெட்டு நாளாக!

"லைன்ல எந்த மிஷின் கோளாறுன்னு தெரிலன்னா ஒண்ண ஆஃப் பண்ணிப் பாப்போம்ல, அந்த மாதிரிதான். நீதான மச்சான் அன்னிக்கு டீ குடிச்சிக்கினே கேட்ட, வேலை செய்றது மாத்திரையா ஊசியான்னு?" என்றார் மாமா.

கேட்டது உண்மை. சும்மா கிண்டலுக்குக் கேட்டேன்.

டாக்டரம்மா ஊசியைத் தொடவே இல்லை. "இன்னிக்கு ஊசி கெடையாது. அதே ஆட்டோல நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க. இன்னொரு தடவ மூளையில அடைச்சா அந்த வெரலும் இருக்காது, அவரும் இருக்க மாட்டாரு."

மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். பிழைத்துக்கொண்டார்.

இப்படிக் கிளம்புகிறவர்கள் மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள், எத்தனை மீதி என்று எண்ணுங்கள், வாயில் போட்டபின் தண்ணீர் குடிக்கும்வரை எதிரிலேயே நில்லுங்கள். ஊசி போடும் முன் பிரஷர் பார்க்காத இடமென்றால் எழுந்து வந்துவிடுங்கள். எட்டரை மணிக்குப் பிறகு போனால் சாலை காலியாக இருக்கும்.

மாமா ஏன் நிறுத்தினார் என்று அக்கா எல்லோரிடமும் கேட்டுவிட்டாள். மாமா என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். அவள் இதைப் படிப்பாள்.