அசையக் கூடாத குழாய்கள்

"மெதுவா வா. பூனை நடக்கிற மாதிரி," என்று சொல்லிக்கொண்டே என் மரச்செருப்பின்மேல் கம்பளி உறையை மாட்டிவிட்டாள் குனெல். லுண்ட் நகரத்தில் உள்ள எங்கள் ஆய்வுக்கூடத்தில் அத்தனை பேர் செருப்புக்கும் அவள் கையால் பின்னிய உறை உண்டு. தலைவருக்கு மஞ்சள். அவரும் வாயைத் திறக்காமல் மாட்டிக்கொள்கிறார், பாவம்.

எல்லாம் ஒரு புரதத்துக்காக. மறதிநோய்க்காரர்களின் மூளையில் படிகிறதே, அதேதான். அசையாமல் விட்டால் கயிறு மாதிரி முறுக்கிய இழையாகச் சேரும். ஆட்டிவிட்டால் தட்டை நாடாவாகச் சேரும். சரக்கு ஒன்றுதான், உருவம்தான் வேறு. அதோடு போகாது. ஒரு நாடா உருவாகிவிட்டால் போதும், மிச்சமிருப்பதெல்லாம் அதைப் பார்த்தே நாடாவாகிவிடும். குனெலுக்கு வேண்டியது முறுக்கு. வருவதெல்லாம் நாடா. நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்கிறவன் நான் என்பதால் முறைப்பும் எனக்குத்தான்.

பழியை முதலில் தெருவில் ஓடும் டிராம்மேல் போட்டாள். பிறகு குளிர்பெட்டிமேல். கடைசியில் தரை துடைக்கும் ஸ்டூரேமேல். அவருடைய இயந்திரம் புரதத்தை உலுக்குகிறதாம். புரதக் குழாய்கள் இருக்கும் அறையைப் பூட்டிச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். அந்த அறையில் இப்போது தூசியைத் தள்ளிக்கொண்டுதான் நடக்க வேண்டும்.

நாள் முழுக்கக் குழாய்களுக்குப் பக்கத்தில், அதே மேசையை ஒட்டி உட்கார்ந்து காவல். காலைக் காப்பிக்கும் வருவதில்லை. எங்கள் ஊரில் ஒருவர் காப்பிக்கு வரவில்லை என்றால் ஒன்று நோய், இல்லை பகை.

இன்று காலை மிச்சமிருந்த புரதத்தையும் குழாய்களில் ஊற்றினாள். இதுவும் நாடாவானால் இந்த ஆராய்ச்சியையே மூடிவிடுவதாகத் தலைவர் சொல்லிவிட்டார். பெண்ணின் முகத்தில் ரத்தமே இல்லை. ஸ்டூரேதான் வாசலில் நின்று கூப்பிட்டார்.

"ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் போ, குனெல். அது எங்கயும் ஓடிடாது."

குழாய்களை வைத்த கையோடு பூட்டிக்கொண்டு வந்தாள். ஏலக்காய் ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டோம். கொஞ்ச நேரத்தில் எல்லோர் கோப்பையிலும் காப்பி அலையடித்தது. கரண்டிகள் கிணுகிணுத்தன. டிராம் என்று ஜன்னலைப் பார்த்தோம். தெரு வெறிச்சென்று கிடந்தது. ஸ்டூரே குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார்.

"குனெல், உன் முழங்கால்," என்றார்.

தையல் மெஷின் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. தலைவர் தன் மஞ்சள் உறையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குனெல் கழுத்திலிருந்த சாவியைக் கழற்றி ஸ்டூரேயின் உள்ளங்கையில் வைத்தாள்.

"நான் கெஞ்சினாலும் குடுக்காதீங்க."

பிறகு இரண்டு கையாலும் அந்த முழங்காலை அழுத்திப் பிடித்தாள். அது நின்றது. மற்றது ஆடத் தொடங்கியது.