விரிப்பில் ஒட்டிய கோலப்பொடி

என் பீரோவின் அடித்தட்டில் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பு மடித்துக் கிடக்கிறது. நடுவில் சின்னச் சின்னதாக இளஞ்சிவப்புக் கறைகள். எத்தனை முறை துவைத்தும் போகவில்லை என்று எழுதினால் கேட்க நன்றாக இருக்கும். உண்மை என்னவென்றால், அதை நான் துவைக்கவே இல்லை.

அப்போது நான் பூச்சி எண்ணிப் பிழைத்துக்கொண்டிருந்தேன். சிரிக்க வேண்டாம், அதற்கும் சம்பளம் உண்டு. அடையாற்றில் வந்து சேரும் ஒரு கால்வாயின் கரையில் பூவரசும் புங்கையும் தாழையும் அடர்ந்த சிறு தோப்பு இருந்தது. எதிர்க்கரையை ஏற்கெனவே வழித்துச் சுவர் கட்டியிருந்தார்கள். தோப்பையும் வெட்டி நடைபாதை போடலாமா என்று முடிவெடுப்பதற்கு முன், இரவில் அங்கே எவ்வளவு பூச்சிகள் பறக்கின்றன என்று ஓர் அறிக்கை தர வேண்டும். இரு கரையிலும் வெள்ளை விரிப்பைக் கட்டி, முன்னால் விளக்கேற்றி, வந்து உட்காரும் அந்துப்பூச்சிகளை எண்ணுவதுதான் முறை. எனக்கு உதவிக்கு வந்தவரை அக்கா என்றே கூப்பிடுவேன். காலையில் ராஜா அண்ணாமலைபுரத்தில் தெருத்தெருவாக மீன் விற்பவர். தோப்பை ஒட்டிய குடிசை வரிசையில் மூன்றாவது வீடு அவருடையது. தோப்பு போனால் அந்த வரிசையும் போகும். அது எனக்குத் தெரியும்; அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் ஒரு பூச்சியைக்கூட அவர் கூட்டிச் சொன்னதில்லை.

எண்ணிக்கையோ நாளுக்கு நாள் தலைகீழாகவே வந்தது. தோப்பில் கட்டிய விரிப்பில் ஏதோ கொஞ்சம் உட்காரும். மொட்டைக் கரையில் கட்டிய விரிப்பில் இடமே இருக்காது. இதை அப்படியே எழுதினால், மரம் இல்லாத கரைதான் பூச்சிகளுக்குப் பிடித்த கரை என்று ஆகிவிடும். கடைசி இரவுக்கு முந்தைய இரவு அக்கா கேட்டுவிட்டார்.

"இன்னா மேடம், நம்ம பக்கம் கம்மியாதான் கீதா?"

"கம்மிதான் அக்கா. என்னால பொய் எழுத முடியாது."

அவர் இரு கரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் குந்தியிருந்தார். பிறகு எழுந்து வந்தார்.

"பொய் எழுத வாணாம். நீ எண்றதுதான் தப்பு. நம்ம பக்கம் வெளக்கு எல மறைவுல கீது, பத்தடி தாண்டுனா தெரில. அந்தாண்ட வெட்டவெளி, வெளக்கு ஊருக்கே தெரியுது. இங்க பொறந்து வளர்ந்ததுங்கதான் அங்க போய் குந்திக்கினு கீது."

எனக்குச் சுருக்கென்றது. பட்டம் வாங்கியவள் நான்; மீன்கூடைக்காரர் என் கணக்கைத் திருத்துவதா என்று கோபம் வந்தது. அதை வெளியே காட்டாமல் ராயப்பேட்டை மாடியறைக்குத் திரும்பிப் படுத்தால், தூக்கம் வரவில்லை. அவர் சொன்னது சரி என்று கோபத்துக்கு முன்பே தெரிந்துவிட்டிருந்தது.

கடைசி இரவு அக்கா ஒரு பொட்டலம் கோலப்பொடியோடு வந்தார். இளஞ்சிவப்பு. தோப்புக்குள் இலைக்கு அடியிலிருந்த அந்துப்பூச்சிகளை டப்பாவில் பிடித்து, முதுகில் விரல் நுனியால் பொடியைத் தொட்டு வைத்து அங்கேயே விட்டோம். தோப்பு விளக்கை ஏற்றவில்லை. சிறுபாலம் ஏறி எதிர்க்கரைக்குப் போய், விரிப்பின் முன்னால் உட்கார்ந்தோம். மழை வரும்போல் இருந்தது. பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று தெரியவில்லை. வந்ததெல்லாம் சாம்பல், பழுப்பு, மீண்டும் சாம்பல். அக்கா மூச்சுவிடுவதுகூட எனக்குக் கேட்டது. விளக்கு மங்கத் தொடங்கியபோது என் முழங்கையை அவர் இறுகப் பிடித்தார். நகம் பதிந்தது.

"தோ பாரு. நம்ம வூட்டுப் பூச்சி."

முதுகில் இளஞ்சிவப்போடு ஒன்று விரிப்பில் நடந்துகொண்டிருந்தது. பிறகு இன்னொன்று, அடுத்து இரண்டு. நான் அழுதுவிட்டேன். அக்கா வெற்றிலைச் சிவப்புப் பல்லோடு சிரித்தார்.

அந்த அறிக்கையைப் போல நான் எதையும் எழுதியதில்லை. எதிர்க்கரையில் தெரியும் பூச்சிகள் தோப்பில் பிறந்தவை, இலை போனால் புழு போகும், புழு போனால் இரண்டு கரையும் வெறும் கரை என்று எழுதினேன். முடிவில், இப்படிப்பட்ட எல்லா அறிக்கையிலும் எழுதும் வாக்கியத்தைக் கைப்பழக்கத்தில் எழுதினேன்: 'இக்கரை மனித நடமாட்டமும் விளக்கொளியும் இன்றிப் பாதுகாக்கப்பட வேண்டும்.'

தோப்பை வெட்டவில்லை. சில மாதம் கழித்து, மீன் விற்று முடித்த காலிக்கூடையோடு அக்கா என் மாடிப்படி ஏறி வந்தார். கையில் ஒரு தாள். "படிச்சி சொல்லு மேடம்." குடிசைகளைக் காலி செய்யச் சொல்லும் அறிவிப்பு. சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தேன். 'மனித நடமாட்டமும்' என்ற இடத்தில் நாக்கு நின்றுவிட்டது.

"ஆரு எழுதுனது இது?"

"நான்தான் அக்கா."

தாளை வாங்கி நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். "முப்பது வர்சமா அந்த மரத்தாண்டதான் கீறோம். பூச்சிய நாங்க இன்னா பண்ணோம்?" என்று மட்டும் கேட்டார். அறிக்கை கேட்டிருந்த தேனாம்பேட்டை அலுவலகத்துக்கு ஓடினேன். அந்த ஒரு வரியை எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். அறிக்கை ஏற்கப்பட்டுவிட்டது என்றார்கள். ஒரு விடிகாலையில் வண்டிகள் வந்து, வரிசையே நகரத்துக்கு வெளியே போய்விட்டது.

போன வாரம் அந்தப் பாலத்தில் நின்றேன். தோப்பைச் சுற்றிக் கம்பிவேலி. வேலிக்குக் காவலாக உயரமான விளக்குக் கம்பங்கள். வெள்ளை வெளிச்சத்தில் தாழைமடல் பளபளத்தது. கம்பத்தடியில் செத்த அந்துப்பூச்சிகளைக் காவலாளி துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தார். என் வாக்கியத்தில் பாதியை மட்டும் கேட்டிருக்கிறார்கள். குடிசைகள் இருந்த காலத்தில் அங்கே ஒரு தெருவிளக்குகூடக் கிடையாது.

அன்றே அக்காவுக்குப் போன் செய்தேன். நகரத்துக்கு வெளியே கொடுத்த குடியிருப்பில் எட்டாவது மாடியில் இருக்கிறார். என்ன பேசுவது என்று தெரியாமல், அங்கே விளக்குக்குப் பூச்சி வருகிறதா என்று கேட்டேன்.

"இன்னாத்துக்கு வரும்? மரமா கீது இங்க?" பிறகு அவராகவே, "அந்தத் துணிய இன்னும் வெச்சிக்கினு கீறியா?" என்றார்.

"இருக்கு அக்கா."

"தொவச்சிடு மேடம்."

விரிப்பைக் குளியலறை வரை எடுத்துப் போனேன். வாளியில் தண்ணீர்கூடப் பிடித்தேன். பிறகு பழைய மடிப்பிலேயே மடித்து, அடித்தட்டில் வைத்துவிட்டேன்.