தூருன் வெட்டிப் படித்த சொற்கள்

செவ்வாய்க்கிழமை காப்பி நேரத்துக்கு முன்பே யாரோ அந்தத் தாளை ஊழியர் அறைச் சுவரில் ஒட்டிவிட்டிருந்தார்கள். தலைப்பு ஒரே ஒரு சொல்தான். நார்வே எழுத்தில் இருபத்தைந்து எழுத்து, நடுவில் மூச்சு விட இடமில்லை: லேகெமிட்டெல்ஹோந்தேரிங்ஸ்குர்ஸ். மற்றவர்கள் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ரொட்டித் துண்டுமேல் பழுப்புப் பாலாடைக்கட்டியைச் சீவத் தொடங்கிவிட்டார்கள். தூருன் மட்டும் காப்பிக் கோப்பையோடு அதன் முன்னால் நின்றாள். முதல் நாலு எழுத்து பிடிபட்டது. அதற்கப்புறம் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து ஓடியது.

"பாத்தியா தூருன்?" என்று பின்னாலிருந்து கேட்டாள் சிக்னே. அந்த முதியோர் மருத்துவ இல்லத்தில் தலைமைச் செவிலி அவள்தான்.

"பாத்தேன், பாத்தேன்."

"மருந்து கையாளுற பயிற்சி. உதவியாளர் எல்லாருக்கும் கட்டாயம், கடைசில எழுத்துத் தேர்வு உண்டு. தேறாதவங்க ஜனவரியிலேர்ந்து மருந்து வண்டியத் தொட முடியாது. அவங்களுக்கு வேல நேரமும் கொறையும். இப்பவே சொல்லிடறேன், அப்பறம் என்மேல வருத்தப்படாதீங்க."

தூருன் தலையாட்டினாள். கோப்பையைக் கழுவு தொட்டியில் வைத்துவிட்டு வேலைக்குத் திரும்பினாள்.

அவளுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. பிறந்ததும் வளர்ந்ததும் மேற்குக் கரையோரத்து ஸ்குட்டோய் தீவில்; இல்லமும் அங்கேதான். சின்னச் சொற்களை எப்படியோ சமாளித்துவிடுவாள். பயம் எல்லாம் ஒட்டுச் சொற்களிடம்தான். இரண்டு சொல்லை, மூன்று சொல்லை, ஐந்து சொல்லைக்கூட இடைவெளி இல்லாமல் ஒட்டி ஒன்றாக்கிவிடுவது அந்த மொழியின் வழக்கம். ஒட்டின இடம் எதுவென்று அவள் கண்ணுக்குத் தெரியாது.

இந்தப் பயம் ஒன்பது வயதில் வந்தது. வகுப்பில் எழுந்து நின்று படிக்கச் சொன்னார்கள். கதையில் ஒரு பெண் குழந்தை 'நத்தோய்' போட்டுக்கொள்கிறது. 'நத்' என்றால் இரவு, 'தோய்' என்றால் துணி, இரண்டும் சேர்ந்து இரவு உடை. நார்வே எழுத்தில் இரவின் கடைசியில் இரண்டு 'த', துணியின் தொடக்கத்தில் ஒரு 'த', ஆக மூன்று வர வேண்டும். மூன்று சேர்ந்தால் ஒன்றை விழுங்கிவிட வேண்டும் என்பது எழுத்து விதி. வரி முடிவில் சொல்லை உடைத்து எழுதினால் விழுங்கின எழுத்து திரும்பி வந்துவிடும். ஆனால் அன்றைக்கு அந்தச் சொல் வரியின் நடுவில் கிடந்தது. தூருன் மிச்சமிருந்த இரண்டையும் இரவுக்கே கொடுத்துவிட்டு, பாக்கியை 'ஓய்' என்று படித்தாள். 'ஓய்' என்றால் தீவு. குழந்தை இரவுத் தீவைப் போட்டுக்கொண்டது. வகுப்பே சிரித்தது. பள்ளி முடிகிறவரை, "இரவுத் தீவுக்குப் படகு எத்தன மணிக்கு தூருன்?" என்று கேட்காத நாள் குறைவு.

அதற்குப் பிறகு அவள் ஒளிக்கக் கற்றுக்கொண்டாள். கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டேன் என்பாள், கையில் ஈரம் என்பாள், நீயே படி என்பாள். மீன் பதனிடும் ஆலையில் பதினோரு வருஷம் வேலை பார்த்தாள். அங்கே கத்தி ஓடினால் போதும், யாரும் எதையும் படிக்கச் சொன்னதில்லை. ஆலையை மூடியபின் இந்த இல்லத்துக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. கிழவர்களைக் குளிப்பாட்டவும் ஊட்டவும் பேச்சுக் கொடுக்கவும் அவளைப் போல் ஆள் கிடையாது என்று சிக்னேயே சொல்லியிருக்கிறாள். குறிப்பு நோட்டில் எழுத வேண்டியதை முந்தின பக்கத்தைப் பார்த்து அப்படியே எழுதிவிடுவாள்.

இந்தத் தாள் வந்த வாரத்திலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. பயிற்சிப் பக்கங்களைப் படி எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பென்சிலால் கோடு போட்டுப் பார்த்தாள். அது போதாமல் கத்தரிக்கோலை எடுத்து ஒவ்வொரு நீளச் சொல்லாக வெட்ட ஆரம்பித்தாள்.

கணவன் ரெய்தார் எண்ணெய் மேடைகளுக்குச் சரக்கு கொண்டுபோகும் கப்பலில் வேலை பார்த்தான். நாலு வாரம் கடல், நாலு வாரம் வீடு. அந்த முறை கப்பல் ஒரு நாள் முன்னதாகக் கரைக்கு வந்துவிட்டது. அவன் கதவருகே காலணியைக் கழற்றிவிட்டுச் சமையலறைக்குள் வந்தபோது மேசை முழுக்கக் காகிதத் துண்டு.

"என்ன இது, கிறிஸ்துமஸ் தோரணமா?"

தூருன் இரண்டு கையாலும் துண்டுகளை மூடினாள். முகம் வெளுத்துவிட்டது. பிறகு கையை எடுத்துவிட்டு, "எனக்குச் சரியாப் படிக்க வராது ரெய்தார்" என்றாள்.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியும். எந்த ஓட்டலுக்குப் போனாலும் அட்டைய ஒரு தடவ பொரட்டிட்டு, நான் என்ன கேக்கறேனோ அதையேதான நீயும் கேப்ப? நான் ஈரல் வறுவல் கேட்டா நீயும் ஈரல். வாயில வெச்சதும் உன் மொகம் போற போக்கப் பாக்கணுமே."

"இருவத்திரண்டு வருஷம். ஒரு வார்த்த சொல்லலியே நீ."

"நீயா சொல்லுவேன்னு இருந்தேன்."

அவளுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. எழுந்து போய் உருளைக்கிழங்கை அடுப்பில் வைத்தாள். திரும்பி வந்து பார்த்தால் அவன் துண்டுகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான்.

"நீ மொதல்லேர்ந்து புடிக்கப் பாக்கற. அது ஆகாது. வாலப் புடி. கடைசில எது நிக்குதோ அதான் சாமான். முன்னாடி நிக்கறதெல்லாம் என்ன மாதிரிச் சாமான்னு சொல்றதுக்கு. மீன்கேக்குன்னா அது கேக்குதான், மீன் இல்ல."

"அந்தத் தலைப்புச் சொல்லு நடுவுல இந்த 'ஸ்' எதுக்கு?"

"ஒட்டுப் போடறதுக்கு. தையல் மாதிரி."

"அப்ப எல்லாச் சொல்லுலயும் இருக்கணுமே. இதுல இல்லியே" என்று வேறொரு துண்டைக் காட்டினாள்.

ரெய்தார் காதைச் சொறிந்தான். "அது எனக்கும் தெரியாது. வாய்க்கு எது வருதோ அது."

கஷ்டம் என்னவென்றால் வாயை முழுக்க நம்பவும் முடியவில்லை. பள்ளியில் கை தட்டித் தட்டி அசை பிரிக்கச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நடுவில் ஒரு மெய் வந்தால் அதை அடுத்த உயிரோடு சேர் என்பது பாடம். 'ப்ளூடோரே' என்பது ரத்தக் குழாய். பாடத்தின்படி அவள் 'ப்ளூ-டோரே' என்று வெட்டினாள். டோரே என்றால் முட்டாள்.

"ரத்தத்துல எங்கேர்ந்து முட்டாள் வந்தான்?" என்றாள் சோர்ந்துபோய்.

ரெய்தார் சிரித்துவிட்டு, துண்டை வாங்கி 'ட்'டை முன்பக்கமே விட்டு வெட்டினான். 'ப்ளூட்' ரத்தம், 'ஓரே' குழாய். "ஒட்டுச் சொல்லுல கை தட்டறதெல்லாம் அப்பறம். மொதல்ல ஒட்டு எங்க இருக்குன்னு பாரு. ஒட்டுதான் பெருசு. ரெண்டு பக்கமும் அர்த்தம் வரணும். ஒரு பக்கம் ஒளறினா நீ தப்பா வெட்டிட்டேன்னு அர்த்தம்."

அவன் கப்பலுக்குத் திரும்புகிற வரைக்கும் சாப்பாட்டுக்குப் பின் இதே வேலை. பிழைகள் குறைந்தன, ஆனால் வேகம் வரவில்லை. ஒரு பக்கத்துக்கு அரைமணி நேரம். தேர்வில் எட்டுப் பக்கம், நேரம் இரண்டு மணி. கணக்கு எப்படிப் போட்டாலும் உதைத்தது.

வேறு வழியில்லாமல் ஒரு வெள்ளிக்கிழமை சிக்னேயின் அறைக் கதவைத் தட்டினாள். உட்காரக்கூட இல்லை.

"எனக்குத் தேர்வுல இன்னும் கொஞ்சம் நேரம் வேணும். நீளச் சொல்லுன்னா எனக்குச் சட்டுனு ஏறாது. சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்."

சிக்னே பேனாவைக் கீழே வைத்தாள். "ஒம்பது வருஷமா நோட்டு எழுதறியே, எப்படி?"

"முன்னாடி பக்கத்தப் பாத்து."

"கடவுளே." சிக்னே ஜன்னல் பக்கம் பார்த்தாள். "மருந்து வெளையாட்டு இல்ல தூருன். ஒரு எழுத்து மாறினா ஒரு ஆள் போயிடுவார்."

"அதனாலதான் சொல்றேன். ஒளிச்சு வெச்சுக்கிட்டு வண்டியத் தள்ள எனக்குப் பயமா இருக்கு."

பேனாவை மறுபடி கையில் எடுத்து, "இரட்டிப்பு நேரம் வாங்கித் தரேன். ஆனா தேறறது உன் கையில" என்றாள் சிக்னே.

தேறினாள். தேவையான மதிப்பெண்ணுக்குமேல் இரண்டே இரண்டு. சான்றிதழைப் பார்த்தபோது சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. இனிமேல் சாக்குச் சொல்ல முடியாது.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை மருந்து வண்டி முதன்முறையாக அவள் பொறுப்பில் வந்தது. செவிலி விக்தீஸ் வீட்டிலிருந்தபடி தொலைபேசியில் கிடைப்பாள். பெரும்பாலானவர்களுக்கு ஒரு வாரத்து மாத்திரைகளை வெள்ளிக்கிழமையே பெட்டிகளில் பிரித்து வைத்துவிடுவார்கள். எட்டாம் அறை இங்வால்டுக்கு மட்டும் இதய மாத்திரையின் அளவை முந்தின நாள் சாயங்காலம்தான் மாற்றியிருந்தார்கள். அது தனி உறையில் இருந்தது, கூடவே டாக்டரின் தாள்.

நோட்டில் வெள்ளிக்கிழமை ஆள் எழுதியிருந்தது: ஒரு மாத்திரை, 'வேர் டாக்'. 'வேர்' ஒரு சொல், 'டாக்' ஒரு சொல். தனித்தனியாக இருந்தால் ஒவ்வொரு நாளும் என்று அர்த்தம். டாக்டரின் தாளில் கட்டம் குறுகல். முதல் வரியில் 'வேர்', பக்கத்தில் ஒரு சின்னக் கோடு. அடுத்த வரியில் 'டாக்'.

அந்தக் கோட்டைப் பார்த்ததும் தூருனுக்குக் கை நின்றுவிட்டது. இரண்டு சொல்லாக இருந்தால் வரி முடிவில் கோடு வராது. கோடு வந்தால் அது உடைத்து எழுதின ஒரே சொல். 'வேர்டாக்' என்று சேர்ந்தால் வேலை நாள். திங்கள் முதல் வெள்ளி வரை. இன்றைக்குச் சனிக்கிழமை.

மூன்று தடவை படித்தாள். பென்சில் முனையை அந்தக் கோட்டின்மேல் வைத்துப் பார்த்தாள். அச்சில் விழுந்த தூசியாக இருக்குமோ? நோட்டில் எழுதினவள் நன்றாகப் படித்தவள். காகிதம் ஒன்று சொல்லி, ஆட்கள் வேறு சொன்னால் தப்பு தூருனுடையதாகத்தான் இருக்கும். இத்தனை வயதுக்கு அப்படித்தான் நடந்திருக்கிறது.

"என் மாத்திர எங்க பொண்ணே? நீயே முழுங்கிட்டியா?" என்றார் இங்வால்ட் படுக்கையிலிருந்து. கப்பல் எஞ்சின் பார்த்தவர், எண்பத்தேழு வயது.

"கொஞ்சம் பொறுங்க இங்வால்ட். ஒண்ணு கேட்டுட்டு வந்துடறேன்."

"கேக்கறதுக்கு என்ன இருக்கு? வாயத் தொறக்கறேன், போடு."

அவள் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். நாற்பத்தாறு. ஐம்பதுக்குமேலாவது இருக்க வேண்டும்; மறுபடி எண்ணினாள். அதேதான்.

தொலைபேசியை எடுத்து விக்தீஸை அழைத்தாள்.

"நோட்டுல என்ன போட்டிருக்கு?" என்று கேட்டாள் விக்தீஸ்.

"ஒவ்வொரு நாளும்னு."

"அப்பறம் என்ன?"

"டாக்டர் தாள்ல சேந்திருக்கு. வேலை நாள்னு. நடுவுல கோடு இருக்கு."

விக்தீஸ் மூச்சு விட்டது காதில் கேட்டது. "தப்பா எடுத்துக்காத தூருன். உனக்குப் படிக்கறதுல சிக்கல் உண்டுன்னு சிக்னே சொல்லியிருக்கா. நோட்டுல இருக்கறபடி குடுத்துடேன்."

தூருனுக்குக் காது சுட்டது. போனை வைத்துவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. "நான் தப்பாப் படிச்சிருக்கலாம்" என்றாள். "அதனாலதான் டாக்டரக் கேக்கணும்ங்கறேன். நாடி நாப்பத்தாறு இருக்கு. நீ கேக்கலன்னா நானே கேக்கறேன்."

"இரு, டாக்டரையே உன்னக் கூப்பிடச் சொல்றேன்" என்று விக்தீஸ் போனை வைத்தாள்.

முப்பத்தைந்து நிமிடம். மற்றவர்களுக்கு மருந்தைக் கொடுத்து முடித்துவிட்டு அவள் எட்டாம் அறை வாசலுக்கும் தொலைபேசிக்கும் நடந்துகொண்டே இருந்தாள். இங்வால்டின் உதடு நீலம் பாரித்திருக்கிறதா என்று நாலு தடவை எட்டிப் பார்த்தாள். மணி அடித்ததும் ஓடினாள்.

"குடுத்துட்டீங்களா?" டாக்டர் எடுத்தவுடன் கேட்டது அதுதான்.

"இல்ல."

"குடுக்காதீங்க. மருந்து ஏற்கெனவே ரத்தத்துல கூடுதலா நிக்குது. அதுக்குத்தான் சனி, ஞாயிறு விடச் சொன்னேன். வேலை நாள்ல மட்டும்தான். நாடி நாப்பத்தாறுன்னாங்க, சரியா எண்ணினீங்களா?"

"ரெண்டு தடவ எண்ணினேன்."

"பதினோரு மணி படகுல வரேன். அதுவரைக்கும் பக்கத்துலயே இருங்க."

போனை வைத்துவிட்டு அவள் துணி அடுக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுக்குத் துணி மூட்டைமேல் உட்கார்ந்து, ஒரு நிமிடம் படுக்கை விரிப்புகளை எண்ணிக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து எட்டாம் அறைக்குப் போய் நாற்காலியைப் போட்டுக்கொண்டாள்.

டாக்டர் வந்து ரத்தம் எடுத்தார். இங்வால்டை அன்று மாலை வரை இதயக் கருவியில் மாட்டி வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை நாடி ஐம்பத்தெட்டுக்கு ஏறியது. "இவ என்னப் பட்டினி போட்டே ஒடம்ப சரி பண்ணிட்டா" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை விக்தீஸ் நேரே அவளிடம் வந்தாள். "அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

"பேசினே."

"ஆமா." விக்தீஸ் காப்பி ஊற்றி ஒரு கோப்பையை அவள் பக்கம் தள்ளினாள்.

மருந்துத் தாளில் இனி அந்தச் சொல்லே வரக்கூடாது, கிழமைகளைப் பெயர் சொல்லி எழுத வேண்டும் என்று சிக்னே டாக்டரிடம் கேட்டு மாற்றினாள். புதிய தாளின் மாதிரியைத் தூருனிடம் கொடுத்து, எந்தச் சொல் இடிக்கிறது என்று பார்க்கச் சொன்னாள். அவள் வீட்டுக்குக் கொண்டுபோய் ஏழு இடத்தில் பென்சிலால் குறித்துக் கொண்டுவந்தாள். ஐந்தை மாற்றினார்கள், இரண்டை மாற்ற முடியாது என்றார்கள்.

இங்வால்ட் அதற்குப் பிறகு இரண்டு குளிர்காலம் இருந்தார். தூருன் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறாள். வண்டியைத் தள்ளுகிற ஒவ்வொரு காலையும் எல்லாத் தாளையும் இரண்டு தடவை படிக்கிறாள். மற்றவர்கள் முக்கால் மணியில் முடிக்கிற சுற்றுக்கு அவளுக்கு ஒரு மணி ஐந்து நிமிடம் ஆகிறது. காப்பி ஆறிப்போகிறதே என்று முணுமுணுப்பார்கள். அவள் காதில் போட்டுக்கொள்வதில்லை.