எழுமலையிலிருந்து ஓடிவந்த கால்கள்

செருப்பு கழன்று விழுந்தது எனக்குத் தெரியவில்லை. அதுதான் முதல் அறிகுறி.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு மழைக்காலம். நான் தொலைபேசித் துறையில் லைன்மேன். காற்றில் அறுந்துபோன லைன்களை இழுத்துக் கட்டுவதற்காக எழுமலை போயிருந்தோம். தெருவில் நடந்துகொண்டிருந்த என்னைப் பின்னாலிருந்து பாண்டி கூப்பிட்டான். அவனும் நானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

“மாப்ள, ஒத்தச் செருப்போட எங்க போற? இன்னொண்ணு அந்தா கெடக்கு.”

குனிந்து பார்த்தேன். இடது கால் வெறுங்காலாகச் சரளைக் கல்லின் மேல் நின்றது. கல் குத்துவதும் தெரியவில்லை, ஈரமும் தெரியவில்லை. இரண்டு வாரத்துக்கு முன்னால் வயிற்றுப்போக்கில் படுத்துக் கிடந்தேன். அந்தச் சோர்வுதான் என்று எனக்கு நானே வைத்தியம் சொல்லிக்கொண்டேன். எந்தப் பழுதுக்கும் உடனே ஒரு காரணம் சொல்லி ஆளை அனுப்பிவிடுவது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் வரும்.

மறுநாள் காலையில் எக்ஸ்சேஞ்சில் விரித்திருந்த பாயிலிருந்து எழ முடியவில்லை. இரண்டு கால்களும் முழங்கால் வரை வேறு யாருடையவோ மாதிரி இருந்தன. பாண்டி ஒரு பக்கமும் செல்வராஜ் அண்ணன் மறுபக்கமும் பிடித்துத் தூக்கி ஜீப்பில் கிடத்தினார்கள். செல்வராஜ் அண்ணன் எங்களுக்கு சீனியர், கேபிள் ஜாயின்டர் (மண்ணுக்கடியில் போகும் கேபிள்களை இணைப்பவர்). மதுரை வந்து சேரும்வரை அவர் என் பாதத்தைத் தன் மடியில் வைத்துக்கொண்டு தேய்த்தபடியே வந்தார். தேய்க்கிறார் என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

நரம்பியல் டாக்டர் சின்னச் சுத்தியலால் முழங்காலில் தட்டினார். கால் அசையவில்லை. முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பரிசோதித்தார்கள். நோயின் பெயர் கில்லன் பாரே சிண்ட்ரோம் (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தன் நரம்புகளைத் தாக்கும் நோய்) என்றார்கள்.

“என்ன வேலை பாக்குறீங்க?” என்று டாக்டர் கேட்டார்.

“லைன்மேன் சார்.”

“அப்ப உங்களுக்குச் சுலபமாப் புரியும். ஒயர் உள்ள நல்லாத்தான் இருக்கு. மேல இருக்கிற உறை உரிஞ்சு போச்சு. அதான் சிக்னல் போகல. உறை திரும்ப வளரும்.”

“எம்புட்டு நாளாகும் சார்?”

“அதைச் சொல்ல முடியாது.”

டெலிபோன் எப்போது சரியாகும் என்று கேட்டவர்களிடம் நான் பல வருடமாகச் சொல்லிவந்த பதில் இது. கேட்கிற பக்கம் படுத்திருந்தபோதுதான் அது எவ்வளவு கல்நெஞ்சுப் பதில் என்று உறைத்தது.

மரமரப்பு கீழிருந்து மேலே ஏறிக்கொண்டிருந்தது. நெஞ்சுவரை ஏறினால் மூச்சுவிட இயந்திரம் வைக்க வேண்டும். அது ஏறுகிறதா என்று பார்க்க டாக்டர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். சில மணி நேரத்துக்கு ஒரு முறை, ஒரே மூச்சில் ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணச் சொல்வார்கள். முதல் நாள் நாற்பது வரை எண்ணினேன். அடுத்த நாள் இருபத்தேழு. அதற்கடுத்த நாள் பதினெட்டில் மூச்சு முட்டியது. பிளாஸ்மா மாற்று சிகிச்சை (இரத்தத்தின் நீர்ப்பகுதியைப் பிரித்தெடுத்துவிட்டு வேறு நீர் செலுத்துவது) நடந்துகொண்டிருந்தது. மறுநாள் பத்தொன்பது வந்தது. என் மனைவி கஸ்தூரி அந்த ஒரு எண்ணுக்காகச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று அழுதாள்.

அதன்பின் எண்ணிக்கை குறையவில்லை. ஆனால் கால் வரவில்லை. இதே நோயோடு இதைப் படிக்கிறவருக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. வலிக்கிறவனுக்குப் புலம்பவாவது ஒரு வழி இருக்கிறது. மரத்துப்போனவனுக்கு அதுவும் கிடையாது. பார்க்க வந்தவர்கள் “வலியெல்லாம் இல்லையே?” என்று கேட்டு, இல்லை என்றதும் சந்தோஷப்பட்டுக் கிளம்பினார்கள். ஒருவரையாவது கூப்பிட்டுத் திட்ட வேண்டும் என்று இருந்தது.

நாலு மாதம் கழித்துப் பாதம் தொங்காமல் தாங்கிப் பிடிக்கும் பட்டை ஒன்றை மாட்டி நிற்க வைத்தார்கள். ஏழாவது மாதம் வாக்கரைப் பிடித்து நடந்தேன். பிறகு செல்வராஜ் அண்ணனும் பாண்டியும் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை எழுப்பித் திருப்பரங்குன்றம் கூட்டிப்போய் மலையைச் சுற்றி நடக்க வைத்தார்கள். அண்ணன் பூசைக்கு நேரமாகிவிடும் என்று பறப்பார். அதற்காகவே வேகமாக நடக்கப் பழகினேன். பட்டையைக் கழற்றிய பிறகு கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் நடை. நாலு வருடத்தில் அது இருபது கிலோமீட்டர், முப்பது கிலோமீட்டர் என்று வளர்ந்தது.

பிசியோதெரபிஸ்ட் பெண்ணிடம் இதைச் சொன்னபோது, நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடினால் மாரத்தான், அதற்கு மேல் போனால் அல்ட்ரா மாரத்தான் என்றார். அதில் ஓடுபவர் தடுமாறாமல் இருக்க பேசர் (வேகம் குறித்துக் கொடுத்து உடன் ஓடுபவர்) வைத்துக்கொள்வார்களாம்.

“நாங்க நாலு வருசமா சம்பளமில்லாம அந்த வேலையத்தான் பாக்குறோம்” என்றான் பாண்டி. வெளியே வந்ததும் அவனே சொன்னான். “எழுமலையில ஒன்னையத் தூக்குன தோளு எனக்கு இன்னும் வலிக்குது மாப்ள. அந்த ரோட்டுல ஒருக்கா ஒங்கால்லயே வீட்டுக்கு வந்துரு. எனக்கு வலி போயிரும்.”

என் வீடு ஒத்தக்கடையில். எழுமலையிலிருந்து உசிலம்பட்டி, செக்கானூரணி, மதுரை வழியாக ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர். டாக்டர் என்னைப் பரிசோதித்துவிட்டு ஓடலாம் என்றார். இரண்டு நிபந்தனை விதித்தார். தனியாக ஓடக்கூடாது. பாதத்தில் மரமரப்பு வந்தால் மறைக்கக்கூடாது.

மார்கழி மாதம், விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் எழுமலையில் கிளம்பினோம். ஒருவர் என்னோடு ஓட, மற்றவர் தண்ணீர், உப்புப்போட்ட எலுமிச்சைச் சாறு, வாழைப்பழத்தோடு டிவிஎஸ் 50-யில் வருவது என்று ஏற்பாடு. எங்களுக்குக் கைக்கடிகாரம் தேவைப்படவில்லை. ரோட்டோரம் டெலிபோன் கம்பங்கள் இருந்தன. பத்துக் கம்பம் ஓட்டம், இரண்டு கம்பம் நடை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட, சாய்ந்து நிற்கும் கம்பங்களின் நம்பரைப் பிறகு நிமிர்த்துவதற்காகப் பாண்டி உள்ளங்கையில் குறித்துக்கொண்டு வந்தான்.

அந்த ரோட்டில் ஒரு மனிதன் சும்மா ஓடிவிட முடியாது. போகிற பைக்கெல்லாம் நின்றது. “ஏறிக்கண்ணே, உசிலம்பட்டில எறக்கி விட்டுர்றேன்.” வேண்டாம் என்றால் கோபித்துக்கொண்டு போனார்கள். ஒரு டீக்கடைக்காரம்மா, “என்ன வேண்டுதலப்பா?” என்று கேட்டார். பாண்டி, “கால் கேட்டாரு, சாமி குடுத்துருச்சு, அதான்” என்றான். அந்த அம்மா டீக்குக் காசு வாங்கவில்லை.

உசிலம்பட்டியில் ஷூ லூசாக இருப்பதுபோல் தோன்றியது. கயிற்றை இறுக்கிக் கட்டினேன். செக்கானூரணியில் இன்னொரு முறை இறுக்கினேன்.

செக்கானூரணி தாண்டி, நாகமலை கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தபோது, இடது கால்விரல்கள் காணாமல் போயின. வேறெப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. ஷூவுக்குள் அவை இருந்த இடம் காலியாக இருந்தது. பத்துக் கம்பம் தாண்டுவதற்குள் வலது காலிலும் அதே.

நான் சொல்லவில்லை. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். டாக்டருக்குக் கொடுத்த வாக்கு நினைவில் இருந்தது. சொன்னால் அது உண்மையாகிவிடும் என்கிற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. திரும்ப அந்தக் கட்டில், திரும்ப ஒன்று இரண்டு மூன்று, திரும்ப கஸ்தூரி என்னைப் புரட்டிப்போட்டுத் துடைப்பது. இன்னொரு முறை அவளுக்கு அதைக் கொடுக்க என்னால் முடியாது என்று நினைத்தேன். ஓடிக்கொண்டே இருந்தேன்.

அப்போது என்னோடு ஓடிக்கொண்டிருந்தவர் செல்வராஜ் அண்ணன். அவர் திடீரென்று நின்றார்.

“என்னடா?”

“ஒண்ணுமில்லண்ணே.”

“காலையில இருந்து அந்த வலி இந்த வலின்னு என் காதைத் தின்ன. மூணு கிலோமீட்டரா சத்தத்தையே காணோம். என்னன்னு சொல்லு.”

பாலத்துக் கட்டையில் உட்கார்ந்தேன். சொல்லிவிட்டேன். முன்னால் போயிருந்த பாண்டி வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தான். விஷயம் தெரிந்ததும் அவன் முகம் வெளிறிவிட்டது.

“ஏறு மாப்ள. ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம். நாந்தான் ஒன்னைய இழுத்து விட்டேன்.”

“இருடா” என்றார் அண்ணன். என் முன்னால் தரையில் உட்கார்ந்தார். “லைன் டெட்டுன்னு கம்ப்ளைன்ட் வந்தா மொதல்ல எங்க பாப்ப?”

எனக்கு எரிச்சலாக இருந்தது. இருந்தாலும் பதில் சொன்னேன். “வீட்டு முனையில.”

“ரோட்டைத் தோண்டுவியா?”

“மாட்டேன்.”

“அப்ப ஒரு பத்து நிமிசம் பொறு. சரியாகலைன்னா நானே ஒன்னையத் தூக்கிட்டுப் போறேன்.” ஒன்றொன்றாகக் கேட்டார். விரலா, குதிகாலா? குதிகாலில் கிள்ளினால் தெரிகிறதா? தெரிந்தது. கணுக்காலில்? தெரிந்தது. மேலே ஏறுகிறதா? இல்லை. நுனிக்காலில் நிற்கச் சொன்னார். அவர் தோளைப் பிடித்து நின்றேன். ஒரே மூச்சில் எண்ணச் சொன்னார். ஓடி இரைத்த மூச்சிலேயே முப்பத்தொன்றுக்குப் போனேன். அதற்குப் பிறகுதான் ஷூவில் கை வைத்தார்.

“யாரு இப்படிக் கட்டுனது? கம்பம் சாயாம ஸ்டே கம்பி இழுத்துக் கட்டுறியா?”

நான்தான். பட்டை மாட்டிய காலத்திலிருந்து பாதம் தொங்கிவிடுமோ என்று எதையும் இறுக்கிக் கட்டியே பழகிவிட்டேன். வெயிலிலும் ஓட்டத்திலும் பாதம் வீங்கியிருந்தது. வீங்கிய பாதத்தின் மேல் கயிறு ஆழப் பதிந்திருந்தது. முடிச்சை அவிழ்க்க முடியாமல் பிளேடால் அறுத்தார். காலுறையையும் கழற்றினார். புறங்காலில் கயிற்றின் தடம் சிவப்பாக ஏணிப்படிபோல் இருந்தது.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பாண்டி வண்டிச் சாவியைக் கையில் வைத்தபடி நின்றான். ஒரு லாரி போனது, ஒரு பஸ் போனது. பிறகு பெருவிரலில் ஊசி குத்துவதுபோல் ஒன்று. அடுத்த விரலில் ஒன்று. அப்புறம் எல்லாமாகச் சேர்ந்து வந்தது. நகம் பெயர்ந்திருந்த விரலில் நெருப்பு வைத்ததுபோல் எரிந்தது.

“வலிக்குதுண்ணே.”

“எங்க?”

“எல்லாத்துலயும். நல்லா வலிக்குது.”

மூன்று ஆண்கள் பகல் வெளிச்சத்தில் நடுரோட்டோரம் அழுதோம். பைக்கில் வந்த ஒருவர் வண்டியை நிறுத்திப் பார்த்தார். என்ன எழவோ என்று நினைத்திருப்பார், மெதுவாகக் கிளம்பிப் போனார்.

ஷூ வாயைப் பிளந்துகொண்டிருக்க, பாண்டி வண்டியில் கட்டியிருந்த சணல் கயிற்றைத் தளர்வாகக் கோத்துக்கொண்டு மிச்ச தூரத்தை முடித்தேன். ஓட்டம் என்று அதைச் சொன்னால் ஓடுகிறவர்கள் சண்டைக்கு வருவார்கள். மூன்று கம்பம் ஓட்டம், மூன்று கம்பம் நடை. காளவாசல் சிக்னலில் எல்லோரோடும் சேர்ந்து நின்றோம். வைகைப் பாலத்தில் ஒவ்வொரு அடியும் வலித்தது, ஒவ்வொரு வலிக்கும் மனசுக்குள் ‘சரி, இருக்கிறது’ என்று சொல்லிக்கொண்டேன். ஒத்தக்கடையில் எங்கள் தெருமுனைக்கு வந்தபோது சாயங்கால வெயில். கஸ்தூரி வாசலில் நின்றிருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தாள். பிறகு, “வாங்க, வெந்நீர் வச்சிருக்கேன்” என்றாள்.

டாக்டரிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். கயிற்றைப் பற்றிச் சிரித்தார், மறைத்ததற்குத் திட்டினார். இரண்டும் நியாயம். என்னைப்போல் இருப்பவர்கள் முதலில் சொல்லுங்கள், பிறகு பயப்படுங்கள்.

ஓட்டம் முடிந்து மூன்று வாரமிருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை மேலூர் ரோட்டில் வேலை. அடுத்தடுத்து நாலு கம்பம் ஏறி இறங்கினேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து கைகழுவும்போது எதையோ தவறவிட்ட மாதிரி இருந்தது. வேலைக்குத் திரும்பிய நாளிலிருந்து தினமும் பன்னிரண்டு மணிக்கு கஸ்தூரி தெருமுனை பூத்திலிருந்து ஆபீசுக்குப் போன் செய்வாள். நான் வெளியே இருந்தால் ஆபீசில் விசாரித்துவிட்டு வைப்பாள், திரும்பியதும் அவர்கள் என்னிடம் சொல்வார்கள். கால் எப்படி இருக்கிறது என்ற ஒரே கேள்விதான்.

“இன்னைக்கு நீ போன் போட்டியா?”

அவள் மாவுக் கரண்டியோடு திரும்பினாள்.

“இல்லங்க. மறந்தே போயிட்டேன்.”

“எனக்கும் இன்னைக்குக் கால் ஞாபகமே வரல.”

எப்போது சரியாகும் என்ற கேள்விக்கு எந்த டாக்டரும் எனக்குத் தேதி சொன்னதில்லை. எங்கள் வீட்டில் அது ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால், எங்கள் இருவருக்குமே தெரியாமல் சரியாகியிருந்தது.