நிலாவில் அமாவாசை லீவு உண்டா?

இன்று அமாவாசை, தறிக்கு லீவு. மலைக்கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு, அக்கா வீட்டுக்காரரான பாவாவோடு அம்மையார்குப்பம் பஸ்ஸில் ஊர் திரும்பினேன்.

நிலாவில் மனிதர்கள் குடியேறலாமா என்று அவர் போனில் ஒரு வீடியோ ஓடியது.

"கண்டிப்பா போவணும். அங்க நாலு தறி போட்டா பொழச்சிக்கலாம்" என்றார்.

"அங்க அமாவாசை எப்ப பாவா வரும்? நிலா தெரியாத அன்னிக்குதான நமக்கு லீவு. அங்க போயிட்டா அது காலுக்கடியிலயே கீதே."

பாவா வீடியோவை நிறுத்திவிட்டு யோசித்தார். "பூமி தெரியாத நாளா பாத்து லீவு உட்டுக்கலாம்."

அப்படி ஒரு நாள் வருமா, வந்தால் அன்று இங்கே என்ன திதி என்று இறங்கும்வரை இருவருக்கும் புரியவில்லை.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எங்கள் தறி முதலாளி காதில் மட்டும் போட்டுவிடாதீர்கள். அங்கே லீவே கிடையாது என்று தெரிந்தால், முதல் ராக்கெட்டிலேயே எங்களை ஏற்றிவிடுவார்.