மட்டக்குளியில் ஒரு சூடான எஞ்சின்

இன்றைக்குப் படகு பார்க்கப் போனோம்.

(ஓம், படகுதான். வெள்ளவத்தை ஃபிளாட்டில் சைக்கிள் நிறுத்தவே இடமில்லாத ஆட்கள் நாங்கள்.)

என் கணவர் சுதனுக்குக் கொஞ்ச நாளாக ஒரே கனவு. சனி, ஞாயிறில் குடும்பமாகக் கடலுக்குப் போக வேண்டும், மீன் பிடிக்க வேண்டும். பழைய டீசல் படகு வீடியோக்களைப் பார்த்துப் பார்த்துப் பாதி மெக்கானிக் ஆகிவிட்டார்.

எனக்குக் கடலை ஜன்னலால் பார்ப்பதே போதும். மகள் மிது பிறந்த பிறகு, குளியலறை வாளியைக்கூடக் கவிழ்த்து வைக்கிற ஆள் நான்.

படகு மட்டக்குளியில், களனி ஆறு கடலில் சேரும் பக்கம் கட்டிக் கிடந்தது. விற்கிறவர் கிராண்ட்பாஸில் கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் நானா. மிதுவைக் கண்டதும் டொஃபி கொடுத்தார்.

வெள்ளைப் படகு. கீழே இறங்கினால் ஒரு சின்ன அறை, இரண்டு படுக்கை. அழகாகத்தான் இருந்தது.

"எப்ப கடைசியா ஓடினது நானா?" என்று சுதன் கேட்டார்.

"நோன்புப் பெருநாளைக்கு முந்தி தம்பி. அதுக்குப் பொறகு ஆரும் தொடல்ல. தொறப்பு ஏன்ட கிட்ட மட்டும்தான் ஈக்கி." சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக் காட்டினார்.

சுதன் என் காதோடு சொன்னார். "கனகாலம் ஓடாத டீசல் எஞ்சின் முதல் ஸ்டார்ட்டில இருமும், புகை விடும். அப்பதான் அதின்ர உண்மையான குணம் தெரியும். பாத்துக்கொண்டிரும்."

சொல்லிவிட்டு, நானாவிடம் திறப்பை வாங்கி, மிதுவைத் தூக்கிக்கொண்டு மேலே போனார். நானா அறையின் தரைப்பலகையைத் தூக்கி எஞ்சினைக் காட்டினார். நான் குனிந்து புறங்கையை வைத்துப் பார்த்தேன். (மிதுவுக்குக் காய்ச்சல் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம்.)

சூடு.

வெயில் சூடு இல்லை. உள்ளே இருந்து வருகிற சூடு.

"நானா, இது சூடா இருக்கே?"

அவரும் கையை வைத்தார். உடனே எடுத்துவிட்டார். எங்களுக்குக் காட்டுவதற்காக முன்பே ஓடவிட்டு வைத்திருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் பொய் பிடிபட்டவர் எதையாவது சொல்லிச் சமாளிப்பார். இந்த மனிதர் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மேலே சுதனின் குரல் கேட்டது. "மிதுக்குட்டி, நீங்க திருப்புங்கோ. உங்கட கைதான் ராசி."

எங்கள் வீட்டில் எது புதிதாக வந்தாலும் முதலில் மிதுவின் கைதான். கார் முதல் ரைஸ் குக்கர் வரை.

நான் "பொறுங்கோ" என்பதற்குள் எஞ்சின் பிடித்துக்கொண்டது. இருமல் இல்லை. புகை இல்லை. சற்று முன்புதான் கரைக்கு வந்து நிறுத்தின படகு போல.

"பாத்தீரே, பிள்ளையின்ர கைராசியை" என்று சுதன் மேலே சிரித்தார்.

நானா எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார். "ஏன்ட கையில இது ஒருநாளும் இப்பிடி ஸ்டார்ட் ஆனதில்ல தங்கச்சி."

எஞ்சினை நிறுத்தியதும் மிது கீழே ஓடி வந்தாள். சுவரில் கொளுக்கிகளில் லைஃப் ஜாக்கெட்டுகள் தொங்கின. எல்லாம் பெரியவர்களுடையவை, தூசி படிந்தவை. ஒன்று மட்டும் சின்னது. அதை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அம்மா, இது எனக்கு அளவு."

அவளுடைய சட்டை நனைந்தது. ஜாக்கெட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

நான் கழற்றி, என் கையாலேயே கொளுக்கியில் மாட்டி, ஈரக் கையைத் துப்பட்டாவில் துடைத்தேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

"இது உங்கட பிள்ளையின்ரயா நானா?"

"எங்களுக்குப் புள்ளைகள் இல்ல தங்கச்சி. படகு வாங்கக்குள்ளயே அது இருந்திச்சி."

"ஏன் விக்கிறீங்கள்?"

"வீட்டுக்காரி வர மாட்டேங்கிறா."

"கடலுக்குப் பயமா?"

"கடலுக்குப் பயமில்ல. இந்த அறைக்கு எறங்க மாட்டா."

சொல்லிவிட்டுத் தரைப்பலகையை மூடினார்.

காரில் எங்களுக்குள் சண்டை.

"நாளைக்குக் காலமை ராகுகாலத்துக்கு முதல் அட்வான்ஸைக் குடுப்பம்."

"எஞ்சின் சூடா இருந்ததப்பா."

"நானா காலமை ஓடவிட்டிருப்பார். விக்கிறவன் எல்லாரும் செய்யிறதுதானே."

"அந்த ஜாக்கெட் ஈரம்?"

"மழை."

"மற்றதெல்லாம் தூசியாக் கிடந்ததே?"

"உமக்குப் பிள்ளையைத் தண்ணிப் பக்கமே விட விருப்பமில்லை. அதை நேரா சொல்லும்."

பாதி உண்மை என்பதால் சுட்டது. அதனால் ஒரு ஒப்பந்தம் போட்டேன். எஞ்சின் முழுக்க ஆறட்டும். நாளைக்கு மிது இல்லாமல், இவர் தனியாகப் போய்த் திருப்பட்டும். மற்ற எஞ்சின்களைப் போல இருமிப் புகை விட்டால் வாங்கலாம், நான் வாய் திறக்க மாட்டேன். இவரும் சரியென்றார். நானாவுக்கும் ஃபோனில் சொன்னேன், யாரும் தொட வேண்டாம் என்று.

பொழுது பட்டு, மஃரிப் தொழுகை முடிந்து நானாவே ஃபோன் எடுத்தார்.

"தங்கச்சி, இப்ப போய்ப் பார்த்தேன். எஞ்சின் இன்னும் ஆறல்ல."

நான் ஃபோனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"இன்னொண்டு. அந்தச் சின்ன ஜாக்கெட்டை மகள் போட்டுக்கிட்டு வந்துட்டாவா? கொளுக்கியில காணல்ல."

சுதனிடம் சொன்னேன். "டிக்கிக்குள்ள கிடக்கும். நாளைக்குக் கொண்டுபோய்க் குடுப்பம்" என்றுவிட்டுப் படுத்துவிட்டார்.

காலையில் எழும்பினதும் படகு வேண்டாம் என்று சொல்லப் போகிறேன். கோபித்தால் கோபிக்கட்டும். பயந்தாங்கொள்ளி என்று அவர் வீட்டு ஆட்கள் முழுப் பேரிடமும் சொல்லட்டும். மிதுவின் கை அந்தத் திறப்பை இனித் தொடாது.

ஆனால் கார்த் திறப்பு இப்போது என் முன்னால் மேசையில் கிடக்கிறது.

ஜாக்கெட் டிக்கிக்குள் இருந்தால், யார் கொண்டுவந்து வைத்தது?

இல்லையென்றால், அதை யார் போட்டிருக்கிறார்கள்?

நீங்களென்றால் இப்போதே கீழே போய்த் திறந்து பார்ப்பீர்களா? அல்லது என்னைப் போல, பிள்ளையின் காலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் இதை எழுதிக்கொண்டிருப்பீர்களா?