விழத் தெரிந்தவர்

எழுபதுகளின் நடுவில் சிட்னியில் ஓர் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட்டாக இருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அதிக காலம் ஆகவில்லை. ஆனால் என் வேலை எனக்குத் தெரியும் என்பதில் எனக்கு ஒருபோதும் சந்தேகம் இருந்ததில்லை. முழங்காலில் சத்திரசிகிச்சை முடிந்த ஜப்பானியரை யார் நடக்க வைப்பது என்று மற்றவர்கள் தயங்கியபோது, நான் போகிறேன் என்றேன்.

அவர் முன்னாள் சுமோ மல்யுத்த வீரர். நகரத்து ஜப்பானிய உணவகமொன்றில் சமைக்க வந்தவர். கட்டில் விளிம்பில் அவர் உட்கார்ந்தால் மெத்தை ஒரு பக்கம் சரியும். நான் அவர் தோளுயரம்கூட இல்லை.

வீட்டில் சொன்னதும் என் கணவர் சிரித்தார். "அந்த மனுசன் உமக்கு மேல விழுந்தா உம்மைச் சுரண்டித்தான் எடுக்கவேணும்."

"விழமாட்டார். நான் விடமாட்டன்."

தையல் வெட்டி, காலில் பாரம் வைக்கலாம் என்று வைத்தியர் சொல்லியும் அவர் நடக்கவில்லை. நடை பழகும் இணைக் கம்பிகளைப் பிடித்து எழும்புவார், உடனே உட்கார்ந்துவிடுவார். வலி என்றுதான் நினைத்தேன். ஒருநாள் தனக்குத் தெரிந்த கொஞ்ச ஆங்கிலத்தில் காரணத்தைச் சொன்னார்.

வடக்கே ஒரு மீன்பிடி ஊரில் பிறந்து, பதினைந்து வயதில் சுமோ பயிற்சிக்கூடத்தில் சேர்ந்தவர். வெறும் வயிற்றில் பயிற்சி. பிறகு மூத்தவர்களுக்கு முதுகு தேய்த்து, எல்லோருக்கும் சமைக்கவேண்டும். பல வருடங்கள் கழித்துத்தான் சம்பளம் கிடைக்கும் தரத்துக்கு உயர்ந்தார். ஒரு போட்டியில் எதிராளி அவர் முழங்கால்மேல் விழுந்தான். அதன்பின் ஒவ்வொரு படியாக இறங்கி, பழைய சமையலறையிலேயே மறுபடி முள்ளங்கி சீவினார். ஓய்வு பெற்ற நாளில் சுமோ வீரரின் அடையாளமான அவருடைய குடுமியைக் குருநாதர் வெட்டினார்.

"அப்போது அழவில்லை. வெளியே வந்தேன், தலை குளிர்ந்தது. அழுதேன்."

உள்ளங்காலைத் தவிர வேறெது தரையில் பட்டாலும் சுமோவில் தோல்விதான். இத்தனை பேர் பார்க்க இன்னொருமுறை விழ அவருக்கு மனமில்லை.

"பயிற்சிக்கூடத்தில் முதலில் என்ன சொல்லித் தந்தார்கள்?" என்று கேட்டேன்.

யோசித்தார். "விழுவதற்கு."

மறுநாள் தரை முழுக்க மெத்தைகளை விரித்தேன். எங்கள் பிரிவின் தலைமை அம்மா ஓடிவந்தார்.

"என்ன செய்கிறாய்?"

"விழ விடப்போகிறேன்."

"அவர் எழும்பாவிட்டால்?"

"எழும்புவார்."

ஜப்பானியர் தலையைக் குனிந்து நாடியை நெஞ்சோடு ஒட்டி, தோளை வளைத்து, நல்ல கால் பக்கமாக உருண்டார். தள்ளுவண்டியில் இருந்த போத்தல்கள் கிணுகிணுத்தன. மல்லாந்து கிடந்தபடி முகட்டைப் பார்த்துப் பெரிதாகச் சிரித்தார். அவர் சிரித்து நான் கேட்டது அன்றுதான். பிறகு ஒருக்களித்து, பக்கத்திலிருந்த கதிரையின் முதுகைப் பிடித்து, ஒருவர் உதவியும் இல்லாமல் எழும்பினார். என் பக்கம் திரும்பிக்கூடப் பாராமல் கம்பிகளின் மறுமுனைவரை நடந்தார்.

சில மாதங்களின்பின் எங்களைத் தன் உணவகத்துக்கு அழைத்தார். மீனும் கோவா இலையும் கொதிக்கும் பெரிய சட்டியைத் தானே தூக்கிக்கொண்டு, இலேசாகக் கால் தாங்கி வந்தார். என் கணவர் தன்னையறியாமல் எழுந்து நின்றார்.

"இவரையோ நீர் நடக்க வைச்சனீர்?" என்றார்.

"ஓம்," என்றேன். அடக்கமாகப் பதில் சொல்ல எனக்குத் தோன்றவேயில்லை.